ராக் கையெழுத்தும் வலம்புரிச் சங்கும்: எதை நம்பி வாங்குவது?

கீழக்கரை, ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது ஒரு மாதிரியான விளம்பரம் சுற்றும். பளபளக்கும் எலக்ட்ரிக் கிட்டாரின் படம். அதன் வெள்ளைத் தகட்டில் கறுப்பு மார்க்கரில் நாலு கையெழுத்து. கீழே, 'ஸ்குவையர் கிட்டார், லெட் செப்பெலின் நால்வரும் கையெழுத்திட்டது, ஒரிஜினல் சான்றிதழுடன், 25,000 மட்டும்' என்று ஒரு வரி. ஸ்குவையர் என்பது கிட்டார் பிராண்டு, லெட் செப்பெலின் நால்வர் கொண்ட ராக் இசைக்குழு. உண்மையாக இருக்குமா, இவ்வளவு மலிவாகக் கிடைக்குமா, வாங்கி வைத்தால் பின்னால் விலை ஏறுமா என்று பார்ப்பவர்களுக்குக் குழப்பம்.

அந்தக் கிட்டார் பொய் என்று கையெழுத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். எப்படி என்பது கொஞ்சம் தள்ளி வருகிறது. அதற்கு முன் அடிப்படையான சில விஷயங்கள்.

இந்தக் கரைக்கும் ராக் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதராஸ் வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட ஊர்கள் இவை. தமிழ்ச் சேவை முடிந்தால் முள்ளைத் திருப்பி ஆங்கிலச் சேவையைக் கேட்ட வீடுகளும் உண்டு. பிறகு வளைகுடாவுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்களின் பெட்டிகளில் கேசட்டும் எல்பி இசைத்தட்டும் வந்தன. இப்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட தட்டு தேடுகிறார்கள்.

என்ன வாங்குகிறோம்?

ராக் நினைவுப்பொருள் என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனிச் சரக்கு இருக்கிறது.

1. கலைஞர் கையெழுத்துப் போட்ட பொருள்: எல்பி உறை, புகைப்படம், கச்சேரி டிக்கெட், ஆட்டோகிராஃப் நோட்டின் ஒரு பக்கம்.

2. கலைஞர் பயன்படுத்திய பொருள்: வாசித்த கிட்டார், மேடையில் போட்ட சட்டை.

3. கலைஞர் தன் கையால் எழுதிய பாடல் வரிகள், கடிதங்கள்.

மூன்றிலும் விலை எங்கிருந்து வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நிர்வாணா என்ற ராக் குழுவின் கர்ட் கோபேன் 1993 நவம்பரில் எம்டிவி நிகழ்ச்சியில் வாசித்த மார்ட்டின் கிட்டார், 2020 ஜூனில் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த விலை கையெழுத்துக்காக வந்ததில்லை. நிகழ்ச்சி முழுக்க வீடியோவில் இருக்கிறது. இதே கிட்டார்தான் அது என்று உலகத்துக்கே தெரியும். அந்தச் சாட்சிக்குத்தான் காசு.

சாட்சிக்கு அடுத்து விலை தருவது, எளிதில் கிடைக்காத அபூர்வம். பீட்டில்ஸ் குழுவின் நால்வரும் ஒரே தாளில் போட்ட கையெழுத்துகள் பெரும்பாலும் 1963, 64 காலத்தவை. ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்த நாட்கள் அவை. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கடைசிக் கட்டணக் கச்சேரி. அதற்குப் பிறகு நாலு பேரும் ரசிகர்கள் நடுவே ஒன்றாக நிற்கும் சந்தர்ப்பமே குறைந்துவிட்டது. அதனால்தான் 1967இல் வந்த 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தின் உறையில் நால்வர் கையெழுத்தும் இருந்த ஒரு பிரதி 2013இல் 2,90,500 டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். இதைத் தெரிந்துகொண்டு அந்த 25,000 ரூபாய் விளம்பரத்தைத் திரும்பப் பாருங்கள்.

பேனாவைப் பிடித்தது யார்?

'போலி' என்றதும் எங்கோ இருட்டறையில் உட்கார்ந்து ஒருவன் கையெழுத்தைப் பழகுவது போலத்தான் நமக்குத் தோன்றும். அது ஒரு வகைதான். கையெழுத்து என்ற பெயரில் சந்தைக்கு வருவதில் ஐந்து வகை உண்டு.

1. கலைஞரே போட்டது.

2. உதவியாளர் போட்டது. பீட்டில்ஸுடன் ஊர் சுற்றிய நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நால்வர் பெயரையும் தாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. வாசலில் நூறு பிள்ளைகள் ஆட்டோகிராஃப் நோட்டோடு நின்றால் என்ன செய்வார்கள்? வாங்கிய பிள்ளை அறுபது வருஷம் அதை உண்மை என்று நம்பி வைத்திருக்கும். 'என் கண் முன்னே வாங்கியது' என்று சொல்லும் நல்ல மனிதரிடமும் இந்த வகை இருக்கலாம்.

3. அச்சடித்தது. ரசிகர் மன்றங்கள் அனுப்பிய படங்களில் கையெழுத்து படத்தோடு சேர்த்தே அச்சாகியிருக்கும்.

4. இயந்திரம் போட்டது. ஆட்டோபென் என்று பெயர். ஒரு மாதிரிக் கையெழுத்தைக் கொடுத்துவிட்டால், நிஜப் பேனாவைப் பிடித்து, நிஜ மையால் ஆயிரம் முறை எழுதித் தரும்.

5. காசுக்காகச் செய்த போலி.

நாலாவது வகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் விவகாரம் ஒன்று போதும். 2022 நவம்பரில் அவருடைய புத்தகத்தில் கையெழுத்திட்ட பிரதிகள் 900, ஒவ்வொன்றும் 599 டாலர் விலையில் வந்தன. கையெழுத்து அசல் என்று பதிப்பகத் தலைவரின் கடிதமும் ஒவ்வொன்றோடும் இருந்தது. வாங்கியவர்கள் தங்கள் பிரதியைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் கோட்டுக்குக் கோடு பொருந்தியது. மனிதக் கை இரண்டு முறை அப்படியே அச்சாக எழுதாது. உங்கள் பாங்க் காசோலைகளை எடுத்துப் பார்த்தாலே தெரியும். பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தலைசுற்றல் நோயாலும் கொரோனா கால நெருக்கடியாலும் இயந்திரத்தை நாட வேண்டியதாயிற்று என்று டிலன் வருத்தம் தெரிவித்தார்.

இங்கே போலிக்காரன் யாரும் இல்லை. கலைஞர் அசல், பதிப்பகம் அசல், கடிதமும் அசல். கையெழுத்து மட்டும்தான் அவருடைய கையால் எழுதியதில்லை.

சங்குக் கடையில் என்ன பார்ப்பார்கள்?

அசலைப் பிரித்தறிய நம் ஊர்ச் சங்கு வியாபாரியின் வழியைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவில் எடுக்கும் சங்கு சாதாரணமாக இடம்புரி. லட்சத்தில் ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும். அதுதான் வலம்புரி, அதற்குத்தான் விலை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் வேறொரு சங்கினம் இருக்கிறது. அது பிறவியிலேயே எதிர்ப்பக்கம் சுற்றும். அங்கே அது அபூர்வமே இல்லை. அதைக் கொண்டுவந்து தேய்த்து, மெருகேற்றி, வலம்புரி என்று விற்பவர்கள் உண்டு.

விவரம் தெரிந்த சங்கு வியாபாரி எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்பதோடு நிறுத்த மாட்டார். சங்கின் வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவுவார். நம் கடல் சங்கில் அங்கே மூன்று நாலு மடிப்பு வரி விரலில் தட்டும். அந்த அமெரிக்கச் சங்கில் தண்டு வழவழவென்று இருக்கும். வெளித்தோற்றத்தை மாற்றலாம், உள்ளே இருக்கும் மடிப்பை உண்டாக்க முடியாது.

கையெழுத்துக்கும் இதே சோதனைதான். வளைவும் சுழியும் வெளித்தோற்றம். பழகினால் யாரும் போடலாம். போலிக்காரனால் உண்டாக்க முடியாத மடிப்பு எது என்று தேட வேண்டும். இரண்டு இடத்தில் அது கிடைக்கும்: ஒன்று காலம், மற்றது கைமாறிய வரலாறு.

காலண்டரை எடுங்கள்

என்னைக் கேட்டால், கையெழுத்து நிபுணர் ஆவதற்கு முன் காலண்டர் பார்க்கப் பழகுவது மேல். செலவில்லாத சோதனை, பாதிப் போலி இதிலேயே விழுந்துவிடும்.

1. விளம்பரத்தில் வந்த அந்தக் கிட்டார். லெட் செப்பெலினின் டிரம்மர் ஜான் பானம் 1980 செப்டம்பர் 25 அன்று இறந்துவிட்டார். ஸ்குவையர் என்ற பெயரில் கிட்டார் சந்தைக்கு வந்ததே 1982இல். அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்?

2. பாடகி ஜானிஸ் ஜோப்ளின் இறந்தது 1970 அக்டோபர் 4. அவருடைய 'பேர்ல்' ஆல்பம் 1971 ஜனவரியில்தான் வெளியானது. அந்த உறையில் அவர் கையெழுத்து இருந்தால், மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

3. குறுந்தகடு எனும் சிடி விற்பனைக்கு வந்தது 1982. பீட்டில்ஸின் ஜான் லெனன் மறைந்தது 1980 டிசம்பர் 8. பாடகர் பாப் மார்லி 1981 மே. இவர்கள் கையெழுத்துப் போட்ட சிடி என்று ஒன்று இருக்க முடியாது.

4. எல்பி உறையின் மூலையில் பார்கோடு இருந்தால், அந்த உறை 1970களின் கடைசியிலோ அதற்குப் பிறகோ அச்சானது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1970இலும் பாடகர் ஜிம் மாரிசன் 1971இலும் போய்விட்டார்கள். பழைய ஆல்பத்தின் மறுபதிப்பில் போலிக் கையெழுத்துப் போடுபவன் முன்பக்கத்தை மட்டும் பார்ப்பான். நீங்கள் பின்பக்கத்தைத் திருப்புங்கள்.

5. பேனாவுக்கும் வயது உண்டு. ஷார்ப்பி மார்க்கர் 1964இல் வந்தது. 1959இல் விமான விபத்தில் இறந்த பாடகர் பட்டி ஹாலியின் பெயர் ஷார்ப்பியில் இருந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

6. உயிரோடு இருக்கும் கலைஞர்களுக்கும் தேதி உண்டு. 2008 அக்டோபர் 20க்குப் பிறகு வரும் ரசிகர் தபாலுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் வீடியோவிலேயே சொல்லிவிட்டார். '2012இல் தபாலில் அனுப்பி வாங்கினேன்' என்று யாராவது சொன்னால் கூடுதலாக நாலு கேள்வி கேளுங்கள்.

கிட்டாரில் இன்னொரு வேலையும் நடக்கும். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைப் பிக்கார்டு என்பார்கள். கையெழுத்தைத் தகட்டில் தனியாக வாங்கி, பிறகு ஏதோ ஒரு மலிவுக் கிட்டாரில் திருகி மாட்டிவிடுவார்கள். கையெழுத்து அசலாகவே இருந்தாலும், கலைஞர் அந்தக் கிட்டாரைத் தொட்டதே இல்லை.

லென்ஸுக்குக் கீழே

காலண்டரில் தேறிய பொருளை அடுத்து லென்ஸில் பாருங்கள். கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் வைக்கும் லென்ஸ் போதும்.

அச்சுக் கையெழுத்தை நெருங்கிப் பார்த்தால், கோடு முழுக்கப் பொடிப் பொடிப் புள்ளிகளாகப் பிரியும், தினசரியில் வரும் படம் மாதிரி. நிஜ மை தாளின் நாரில் ஊறியிருக்கும், அல்லது வழவழப்பான உறையின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். சாய்த்துப் பிடித்தால் மினுக்கு வேறுபடும். இரண்டு கோடு வெட்டும் இடத்தில் மை இரட்டிப்பாகி அடர்ந்திருக்கும்.

வேகமாகப் போட்ட கையெழுத்தில் கோட்டின் வால் மெலிந்து முடியும். பேனா ஓடிக்கொண்டே மேலே எழும்பியதன் தடம் அது. பார்த்து எழுதியவன் கோட்டை நிதானமாக இழுப்பான். அதனால் தொடக்கமும் முடிவும் ஒரே தடிமனில் மொட்டையாக நிற்கும், நடுவில் லேசான நடுக்கம் இருக்கும். ஆட்டோபென்னில் அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருக்கும், முனைகளில் மைப்புள்ளி விழுந்திருக்கும்.

'ரவிக்கு அன்புடன்' என்பதைப் போல யாரோ ஒருவர் பெயர் எழுதி அதன் கீழ் கையெழுத்து இருந்தால் சந்தையில் விலை கொஞ்சம் குறைவு. ஆனால் எழுத்து அதிகமாக இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதிகம் கிடைக்கும். போலிக்காரர்கள் பொதுவாக அதைத் தவிர்ப்பார்கள். விற்கும் எண்ணம் இல்லாதவருக்கு இதுவே நல்ல சரக்கு.

சான்றிதழும் தாய்ப்பத்திரமும்

நிலம் வாங்கும்போது விற்பவர் எழுதிக் கொடுக்கும் கிரையப் பத்திரத்தை மட்டும் நம்பி யாரும் பணம் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். கையெழுத்து விஷயத்தில் மட்டும் தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டிய தாளைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறோம்.

சான்றிதழ் என்பது ஒருவரின் கருத்து. அந்த ஒருவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு மதிப்பு. விற்பவரே அச்சடித்த சான்றிதழுக்கு மதிப்பே கிடையாது. பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் என்று அமெரிக்காவில் சோதித்துச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவை எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டும், அந்த எண்ணை அவற்றின் தளத்தில் தேடலாம். எண் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அந்த எண்ணுக்கு உரிய பொருள் உங்கள் கையில் இருப்பதுதானா என்றும் பாருங்கள். ஸ்டிக்கரையும் போலியாக அடிக்கிறார்கள்.

1990களின் இறுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. பிடித்த பெரிய போலிக் கையெழுத்துக் கும்பல் விளையாட்டு வீரர்களின் கையெழுத்தோடு நிற்கவில்லை. சான்றிதழ்களையும் சேர்த்தே தயாரித்தது. அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால் பந்துகூட அந்தச் சரக்கில் இருந்தது. அதையும் வாங்க ஆள் இருந்திருக்கிறது!

தாய்ப்பத்திரத்துக்குச் சமமானது கைமாறிய வரலாறு. எங்கே, என்றைக்கு, யார் வாங்கினார், அப்புறம் யாரிடம் போனது என்பதும் அதற்கான தாள்களும். ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் கையெழுத்துள்ள பள்ளி நோட்டு ஒருவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடவே அந்த விழாவின் அழைப்பிதழும், அவர் பக்கத்தில் இந்தப் பிள்ளை நிற்கும் படமும் இருந்தால், அதற்கு எந்த நிறுவனத்தின் ஸ்டிக்கரும் தேவையில்லை. ராக் கையெழுத்துக்கும் அப்படித்தான். 2007இல் அயர்ன் மெய்டன் குழுவும் 2011இல் மெட்டாலிக்கா குழுவும் கச்சேரி செய்யப் பெங்களூருக்கு வந்தார்கள். அங்கே போய் வாங்கியவரிடம் டிக்கெட்டின் கிழித்த பாதியும், செல்போனில் எடுத்த மங்கலான படமும் இருந்தால் அதை மதிக்கலாம்.

பணம், வரி, புகார்

சுருக்கமாக மூன்று.

1. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்கவரி உண்டு. பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்துத்தான் வரியைக் கணக்கிடுவார்கள். பார்சல் மேல் 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்வது பழைய தந்திரம். பரிசுப் பொருட்களுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரில் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது.

2. இந்திய வியாபாரி ஏமாற்றினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம் போதும். 2 வருஷத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. விற்றவர் வியாபாரி இல்லாமல் தனியாள் என்றால் இந்த வழி கடினம். வெளிநாட்டுக்காரர் என்றால் தீர்ப்பு வாங்கினாலும் பணம் வருவது சந்தேகம்.

3. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு.

வாங்கியதை உப்புக்காற்றிலிருந்து காப்பது

எல்லாம் சரியாகப் பார்த்து அசலையே வாங்கியாயிற்று. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் குறிப்புகளில் சரியாக விளக்காத பகுதி இனிமேல்தான், ஏனென்றால் அவர்கள் மண்டபம் மாதிரிக் கடற்கரை ஊரில் குடியிருக்கவில்லை.

1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் துரு அரிப்பால் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனி வகைப் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றுதான் உங்கள் வீட்டு ஜன்னல் வழியாகவும் வருகிறது. கிட்டார் கம்பியும் திருகும் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தாளுக்கு நடப்பது கண்ணுக்குத் தெரியாது. காற்றில் வரும் உப்புத்தூள் உறையின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியும். இந்தக் கரையில் பல இரவுகளில் அந்த அளவு தாண்டும். அட்டை ஊறி, உப்பி, பூஞ்சை பிடிக்கிறது. பகலில் காய்ந்து சுருங்குகிறது. இரவில் மட்டும் ஏசி போட்டுக் காலையில் அணைக்கும் அறையில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் மோசம். ஏசி இல்லாத உள்ளறையின் நடு பீரோவே அதைவிட மேல்.

செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை:

1. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் எதையும் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்து வைப்பது ஒரு பழக்கம். சூடும் பசையும் தாளோடு ஒன்றிப்போகும், திரும்பப் பிரிக்க முடியாது. லேமினேட் செய்த கையெழுத்தை ஏலத்தில் சீண்ட மாட்டார்கள்.

2. சாதாரண பிவிசி உறையில் போடாதீர்கள். நாளாக ஆக அது மையில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கையெழுத்தைத் தன்னோடு உரித்துக்கொண்டு வரும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையாகக் கேட்டு வாங்குங்கள்.

3. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் வகை என்றால், எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்று அதுவே காட்டும்.

4. அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்தால், ஓலைச்சுவடிக்கு வைத்ததுபோல வசம்பைத் துணியில் முடிந்து பீரோவின் ஓரத்தில் வைக்கலாம், உறையைத் தொடாமல்.

5. ஹாலில் மாட்டியே ஆக வேண்டும் என்றால் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பால்பாயின்ட் மையும் மார்க்கர் மையும் பெரும்பாலும் சாயத்தால் ஆனவை, வெளிச்சத்தில் வெளுக்கும். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, நடுவில் அட்டைச் சட்டம் வேண்டும். சட்டம் போடுபவர் பின்னால் பிளைவுட் வைத்து செல்லோடேப் ஒட்டப் பார்ப்பார். பக்கத்திலேயே நின்று தடுங்கள்.

6. கிட்டாரில் பூஞ்சை தெரிந்தால் சானிடைசர், ஸ்பிரிட், தின்னர் எதையும் தொட்டுத் துடைக்காதீர்கள். பூஞ்சையோடு கையெழுத்தும் போய்விடும். உலர்ந்த மென்துணியால், கையெழுத்து இல்லாத இடத்தை மட்டும் துடையுங்கள்.

7. வாங்கிய ரசீதை உடனே படம் எடுத்து, சாதாரணத் தாளில் நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் இப்போது தரும் பில் வெப்பத்தாளில் அடித்தது. நம் வெயிலுக்கு ஒரே வருஷத்தில் வெள்ளைத்தாளாகிவிடும். டிக்கெட், கடிதம், விற்றவரோடு பேசிய செய்திகளின் அச்சு எல்லாவற்றையும் தனி உறையில் போட்டு, தட்டு இருக்கும் பீரோவில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். வாடைக்காற்று மழையில் ஒரு அறை ஒழுகினால் இன்னொன்றாவது மிஞ்சும்.